ராக்கர் ஆர்ம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு, மாட்டலாமா?

கேள்வி: அண்ணே, நாமக்கல்ல சின்னதா லாரி பட்டறை வச்சிருக்கேன். ஒரு ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கு ராக்கர் ஆர்ம் (வால்வ அமுக்கித் தொறக்குற கை) தேஞ்சு போச்சுன்னு பழைய சாமான் கடையில ஒரு செட் வாங்கினேன், ஷாஃப்ட்ல கரெக்டா உக்காருது, ஆனா வேற மாடலோடதோன்னு டவுட்டா இருக்கு. ரேஷியோவ ஸ்கேல் வச்சு அளந்தா போதுமா?

பதில்: மாட்டுறதுக்கு முன்னாடி கேட்டீங்களே தம்பி, அதுவே பெரிய விஷயம். ஸ்கேல் சரிப்படாது. ரேஷியோன்னா, ராக்கர கீழருந்து தள்ளுற புஷ் ராடு கம்பி ஏறுறதுக்கு வால்வு எத்தன மடங்கு எறங்குதுங்குற கணக்கு. வால்வு தலைய தொடுற பேடு வளைவா இருக்கும், வால்வு எறங்க எறங்க தொடுற இடம் நகந்துகிட்டே போகும், அதனால ரேஷியோவும் கொஞ்சம் மாறிகிட்டே இருக்கும். முனை நகர்ற தூரத்த மி.மீ.ல காட்டுற டயல் கேஜ்தான் வேணும்.

முதல்ல ராக்கர் ஷாஃப்ட கழட்டிட்டு புஷ் ராடு மேல இருக்குற குழியில ஒரு பேரிங் பால வச்சு அதுமேல டயலோட முனைய நிறுத்துங்க, இன்ஜின கையால சுத்தி புஷ் ராடு மொத்தம் எவ்ளோ ஏறுதுன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் ராக்கர மாட்டி, அந்த வால்வு முழுசா மூடி இருக்கும்போது டேப்பெட் கேப்ப (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடுற இடைவெளி) ஜீரோ ஆக்கிட்டு, டயல வால்வு ஸ்பிரிங் தட்டு மேல வச்சு மறுபடி சுத்துங்க. புஷ் ராடு 7.00 மி.மீ. ஏறி வால்வு 10.50 எறங்குனா ரேஷியோ 1.5. கேப் 0.30 விட்டுட்டு அளந்தா 10.20தான் காட்டும், கணக்கு 1.46ன்னு வரும், நிறைய பேரு இங்கதான் ஏமாறுறாங்க. டயலும் வால்வு தண்டுக்கு நேரா இருக்கணும், 15 டிகிரி சாஞ்சா 10.50க்கு 10.87 காட்டிரும்.

சரியான ரேஷியோ போட்டிருக்குற இன்ஜின் புக்கு இல்லன்னு கவலப்படாதீங்க. தேஞ்சிருந்தாலும் பரவால்ல, உங்க பழைய ராக்கர அதே வால்வுல மாட்டி அளந்துட்டு, டயல் ஸ்டாண்ட அசைக்காம புதுச மாட்டி அளங்க, வித்தியாசம் தெரிஞ்சிரும். இன்டேக் தனியா எக்ஸாஸ்ட் தனியா பாருங்க, சில இன்ஜின்ல ரெண்டுக்கும் ரேஷியோ வேற வேற.

இவ்ளோ எதுக்குன்னா, 1.5 இருக்க வேண்டிய இடத்துல 1.6 மாட்டுனா அதே 7 மி.மீ.க்கு வால்வு 11.20 எறங்கும், 0.70 அதிகம். டீசல்ல கம்ப்ரஷனுக்காக பிஸ்டன் ஹெட்ட ஒட்டி வந்துட்டுப் போகும், அந்த நேரத்துல வால்வு கூடுதலா தொறந்திருந்தா நேரா இடிதான், வால்வு வளையும் புஷ் ராடும் வளையும். அதனால அளக்கும்போதும் மெதுவா சுத்துங்க, எங்கயாவது முட்டுனா அமுக்கி சுத்தாதீங்க.

பேடுல குழி விழுந்திருக்கான்னும் பாத்துக்கோங்க, குழி இருந்தா கேப் அளக்குற ஃபீலர் கேஜ் தகடு அதுக்கு மேல பாலம் மாதிரி நிக்கும், கேப் சரியா காட்டாது. அளந்து முடிச்சதும் டேப்பெட் கேப்ப பழையபடி வைக்க மறந்துராதீங்க, ஜீரோவுல விட்டா இன்ஜின் சூடானதும் வால்வு சரியா மூடாம கருகிரும்.