கிளிமஞ்சாரோ மலையில் ஏறி இறங்க ஏன் ஒரு வாரம் ஆகிறது?

உடல் உயரத்துக்குப் பழக வேண்டும், அதனால்தான். உயரம் கூடக்கூட மெலிந்துகொண்டே போகும் காற்றில் சமாளிக்க, உடல் சில நாட்கள் எடுத்துத் தன்னை மாற்றிக்கொள்வதே இந்தப் பழக்கம்.

தான்சானியாவில் உள்ள இம்மலையின் உச்சி 5,895 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், கடற்கரையில் இருப்பதுபோலவே. ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குழாயில் நூலாக வருமே, அப்படித்தான்: அதே தண்ணீர், அதே குழாய், தள்ளும் வேகம்தான் இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவாகவே கிடைப்பதால், உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடக் கற்றுக்கொள்கிறது. அது ஒரே நாளில் நடக்காது.

உச்சிக்குப் போகும் வழிகளில் ஒன்றான மச்சாமே பாதையில் வழிகாட்டிகள் செய்வது எனக்கு மிகவும் பிடிக்கும். பகலில் சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் என்ற பாறை வரை ஏற்றிவிட்டு, இரவு தூங்க 4,000 மீட்டருக்கும் கீழே பராங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். ஏறிய உயரத்தை விடுகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். உண்மையில் அன்றைய நாளின் பலனே அதுதான்: உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வாகத் தூங்கும்போது உடல் நன்றாகப் பழகுகிறது. நடக்கும்போது 'போலே போலே' என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். சுவாஹிலியில் 'மெதுவா, மெதுவா' என்று பொருள். தயவுசெய்து அதைக் கேளுங்கள். ஓரிரு நாள் செலவை மிச்சப்படுத்த 5 நாள் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்புறம், தினமும் ஓடிப் பழகிய திடமான ஆளுக்கு மலைநோய், அதாவது உயரத்துக்குப் பழகாததால் வரும் உடல்நலக்குறைவு, வராது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கால் வலு வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. வேகமாக ஏற முடிகிறவருக்குத்தான் சில சமயம் முதலில் தலைவலியும் வாந்தியும் வருகிறது.