கைப்பிடி கையோடு வந்துவிட்டதா?

ஐப்பசி பிறந்தால் போதும், ஜன்னல் கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். மரம் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், கதவு சட்டத்தில் பிடிக்கும், நாம் பலம் கொண்ட மட்டும் இழுப்போம், கைப்பிடி கழன்று கையோடு வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: கடைக்குப் போகும்போது உடைந்த கைப்பிடியையும் அதன் ஸ்க்ரூக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்துக் கடைக்காரரால் அளவு சொல்ல முடியாது.

*எங்கள் வீட்டு மர ஜன்னலுக்கு இரண்டு வருடத்தில் மூன்று கைப்பிடி மாற்றிவிட்டோம். மூன்றும் ஸ்க்ரூவோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. நல்ல கைப்பிடியாக ஒன்று சொல்லுங்களேன். (வாசகர், நாகர்கோவில்)*

நான்காவது கைப்பிடி வாங்குவதற்கு முன் கதவைப் பாருங்கள் ஐயா. கைப்பிடி என்பது இரண்டு விரலால் இழுத்தாலே கதவு வரவேண்டும் என்ற கணக்கில் செய்யப்படுவது. உங்கள் வீட்டில் அதைப் பிடித்து முழுக் கையால் இழுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த இழுப்புக்கு அது தாங்காது.

முதலில் கதவைப் பாதி திறந்து வைத்து, கைப்பிடி இருக்கும் பக்கத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கதவு அதன் எடையில் சாய்ந்து, கீழ் மூலை சட்டத்தில் உரசும். கீலை இறுக்கினாலே பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

கீல் சரியாக இருந்தால், கதவின் விளிம்பில் சுற்றிலும் சாக்பீஸ் தேய்த்து ஒருமுறை மூடித் திறங்கள். சட்டத்தில் சாக்பீஸ் ஒட்டிய இடம்தான் பிடிக்கிற இடம். அதற்காக உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். உங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஈரம் குடித்து ஊதிய நிலையில் இழைத்தால், மாசி பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கியதும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். மழைக்காலத்தில் பிடிக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகுவர்த்தியைப் பூசிச் சமாளியுங்கள். இழைப்பதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சிறிதளவே.

இன்னொன்றையும் பாருங்கள். கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பெயின்ட் இருக்கிறதா? கண்ணில் படாத இடம் என்று பெயின்டர்கள் அங்கே பிரஷ் வைக்காமலே விட்டுவிடுவார்கள். மரம் தண்ணீர் குடிப்பது முக்கியமாக அந்த வழியாகத்தான். நன்றாக வெயில் அடிக்கும் நாட்களில் அந்த இரண்டு விளிம்புகளுக்கும் பிரைமர் ஒரு கை, பெயின்ட் இரண்டு கை கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு சாதாரணக் கைப்பிடியே பல வருடம் உழைக்கும்.

*அடுக்குமாடி வீடு, யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல். கைப்பிடி சும்மா சுற்றுகிறது, ஜன்னல் பூட்டவே இல்லை. முழு ஜன்னலையும் மாற்ற வேண்டும் என்கிறார் பார்க்க வந்தவர். (வாசகி, கோவை)*

அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள் அம்மா. கைப்பிடியின் பின்னால் ஒரு சதுரக் கம்பி இருக்கிறது. அது கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டியில் நுழைந்து அதைத் திருப்புகிறது. பெட்டி திரும்பினால் கதவின் விளிம்பில் இருக்கும் காளான் வடிவ முளைகள் மேலும் கீழும் நகர்ந்து சட்டத்தைக் கவ்வும். இந்த வரிசையில் எது விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்தால் செலவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். மூடி வைத்துக்கொண்டு கழற்றி, பிறகு திறக்க முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியைப் படுக்கை நிலையில் வையுங்கள். அதன் அடித்தகட்டின் மேல் ஒரு மூடி இருக்கும். அதை லேசாகத் தூக்கி 90 டிகிரி திருப்பினால் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஸ்க்ரூ தெரியும். கழற்றுங்கள். இப்போது அந்தச் சதுர ஓட்டையில் பொருந்துகிற கம்பி ஒன்றை நுழைத்து, இடுக்கியால் பிடித்துத் திருப்புங்கள். அடுத்த ஜன்னலின் நல்ல கைப்பிடியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது இன்னும் எளிது. முளைகள் நகர்ந்தால் கைப்பிடி மட்டும்தான் கெட்டது. நகராவிட்டால் உள்ளே இருக்கும் பெட்டி தேய்ந்திருக்கிறது. அதையும் தனியாக மாற்றலாம், ஆனால் அதற்கு ஜன்னல் போட்டவர்களையே அழையுங்கள், ஏனென்றால் பெட்டியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டில் எதற்கும் முழு ஜன்னலை மாற்றத் தேவையில்லை.

கைப்பிடி வாங்கப் போனால் மூன்று அளவு வேண்டும். இரண்டு ஸ்க்ரூக்களின் நடுப்புள்ளிக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 43 மி.மீ. இருக்கும். சதுரக் கம்பியின் பருமன் 7 மி.மீ. மூன்றாவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: அடித்தகட்டிலிருந்து கம்பி எவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. 30, 35, 40 என்று பல நீளத்தில் விற்கிறார்கள். குட்டையாக இருந்தால் பெட்டியின் ஓரத்தை மட்டும் பிடித்துத் திருப்பி, நாளடைவில் அந்த ஓட்டையையே வட்டமாக்கிவிடும். நீளமாக இருந்தால் அடித்தகடு சட்டத்தோடு படியாது. உங்களுக்கு வேண்டிய நீளம் கிடைக்கவில்லை என்றால் நீளமானதை வாங்கி, ஆக்சா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் ராவிக்கொள்ளலாம்.

மாட்டும்போது ஸ்க்ரூவைக் கையால் முடுக்குங்கள். டிரில் மிஷினால் முடுக்கினால் அடித்தகடு வளைந்து கைப்பிடி இறுகிப் போகும், உள்ளே உள்ள மரையும் போய்விடும்.

*தாத்தா கட்டிய வீடு. தேக்கு ஜன்னல், பித்தளைக் கைப்பிடிகள். ஒன்று நடுவில் முறிந்துவிட்டது. இன்னொன்றில் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகி ஆடுகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாமா? (வாசகி, கும்பகோணம்)*

தயவுசெய்து போடாதீர்கள். அந்தப் பித்தளை இன்றைய கடைச் சரக்கைவிடக் கனமானதாக இருக்கும். இடமும் உங்களுக்குத் தோதானது. முறிந்ததைப் பித்தளைப் பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒட்டு நிற்காது என்று அவர் சொன்னால், முழுதாக இருக்கும் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு, குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோவிலில் வார்ப்புப் பட்டறைகளில் கேளுங்கள். விளக்கு வார்க்கிற கைக்குக் கைப்பிடி வார்ப்பது பெரிய வேலை இல்லை. ஒன்றுக்காகச் செய்வதைவிட நாலைந்து சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கும் கட்டுபடியாகும்.

ஆடுகிற கைப்பிடிக்கு வருவோம். பெரிதான ஓட்டையில் இன்னும் பெரிய ஸ்க்ரூவை முடுக்குவது எல்லோரும் செய்வது. ஒருமுறை தாங்கும், அடுத்த முறை மரம் பிளக்கும். அதற்குப் பதிலாக, மூங்கில் குச்சியையோ தேக்குச் சிராயையோ ஓட்டையின் அளவுக்குச் சீவி, ஃபெவிகாலில் நன்றாக முக்கி, ஓட்டைக்குள் வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். தீக்குச்சியும் ஆகும், மருந்தை ஒடித்துவிட்டு இரண்டு மூன்றாகச் சேர்த்து இறக்க வேண்டும். வெளியே நிற்பதை உளியால் சமமாக வெட்டிவிட்டு ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். ஸ்க்ரூவைவிடச் சற்று மெல்லிய பிட்டால் ஓட்டை போட்டு, பிறகு முடுக்குங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். பித்தளைக் கைப்பிடிக்குப் பித்தளை ஸ்க்ரூதான் அழகு, ஆனால் பித்தளை மென்மையானது. தேக்கில் நேராக முடுக்கினால் தலை திருகி முறிந்து, உடல் உள்ளேயே தங்கிவிடும். அதே அளவுள்ள இரும்பு ஸ்க்ரூவை முதலில் முழுவதும் முடுக்கி வெளியே எடுங்கள். மரத்துக்குள் மரை விழுந்துவிடும். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பைத் தடவி அதே பாதையில் கையால் இறக்குங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். எனக்கு இதைச் சொல்லித் தந்த ஆசாரி, சோப்பு இல்லாமல் ஒரு பித்தளை ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டார்.

*ஸ்க்ரூ துருப்பிடித்து, தலையும் தேய்ந்துவிட்டது. திருப்புளி வழுக்குகிறது. (வாசகர், அரியலூர்)*

துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் திருப்புளியை ஸ்க்ரூவின் மேல் நிறுத்தி, சுத்தியால் நாலு தட்டு தட்டுங்கள், துருவின் பிடி விடும். அதன் பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் கால் சுற்று முடுக்கிவிட்டுக் கழற்றுங்கள். தலை முற்றிலும் மழுங்கியிருந்தால் ஆக்சா பிளேடால் அதன் குறுக்கே ஒரு கோடு அறுத்து, தட்டைத் திருப்புளியைப் போடலாம். மரத்தில் இருக்கும் ஸ்க்ரூ என்றால் பழுக்கக் காய்ந்த சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் ஒரு நிமிடம் வைத்தாலும் இளகும். ஆனால் எண்ணெய் தெளித்த இடத்தில் சூடு வைக்கவே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

*அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் டச் லாக் மாட்ட மாட்டேன் என்கிறது. புதிதாக மாற்றியும் அப்படியே இருக்கிறது. (வாசகர், மேடவாக்கம், சென்னை)*

லாக்கின் மேல் தவறு இருக்காது தம்பி. கதவு கீழே இறங்கியிருக்கிறது. அடியில் இருக்கும் பேரிங் தேய்ந்தாலோ, டிராக்கில் மணலும் முடியும் சேர்ந்தாலோ கதவு ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். லாக்கின் கொக்கி பிடிக்க வேண்டிய இடமும் சில மி.மீ. தள்ளிப் போய்விடும். முதலில் டிராக்கைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். சில கதவுகளில் கீழ் மூலையில் பேரிங்கை ஏற்றி இறக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பிக் கதவை நேர் செய்து பாருங்கள். அது இல்லையென்றால் பேரிங் மாற்ற வேண்டியதுதான்.

கதவைக் கழற்ற, மேலே தூக்கி அடிப்பக்கத்தை உள்நோக்கி இழுக்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ எடை. 4 அடிக்கு 2 அடிக் கதவென்றால் கண்ணாடி மட்டுமே 9 கிலோவைத் தாண்டும், சட்டத்தின் எடை தனி. வெளியே கிரில் இல்லாத மாடி ஜன்னலாக இருந்தால் அந்த வேலைக்கு ஆளை அழைத்துவிடுங்கள்.

*கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. எதைப் போட்டாலும் ஒரே வருடத்தில் துரு. (வாசகர், நாகப்பட்டினம்)*

பளபளவென்று முலாம் பூசிய ‘ஒயிட் மெட்டல்’ கைப்பிடிகளை உங்கள் ஊரில் வாங்கவே வேண்டாம். அது துத்தநாகக் கலவை. முலாம் ஒரு கீறல் விட்டால் போதும், வெள்ளைப் பொடி பூத்து, பிறகு ஒரு நாள் பட்டென்று முறியும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் எந்த ரகம் என்று கேளுங்கள். கடையில் காந்தம் வைத்துக் காட்டி “பாருங்கள், ஒட்டவில்லை, 304” என்பார்கள். காந்தம் ஒட்டாதது 202 ரகத்துக்கும் பொருந்தும். அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் தோற்றுவிடும். ஆகவே காந்தத்தை வைத்து 304ஐ உறுதி செய்ய முடியாது. பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு 316 கிடைத்தால் உத்தமம், அதில் சேர்க்கப்படும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பை எதிர்த்து நிற்கிறது. அந்த விலை கட்டுபடியாகாது என்றால் மர ஜன்னலுக்குக் கெட்டிப் பித்தளை போடுங்கள். பச்சை பூக்கும், ஆனால் இரும்பைப் போல அரித்து உதிராது. புளி போட்டுத் தேய்த்தால் பழையபடி மின்னும்.

கைப்பிடிக்குச் செலவு செய்துவிட்டு ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்ல கைப்பிடியைத் துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூ கீழே தள்ளியதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். அலுமினிய ஜன்னலில் பித்தளை ஸ்க்ரூ போடக்கூடாது, உப்பு ஈரத்தில் அலுமினியத்தைப் பித்தளை அரிக்க வைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கைப்பிடியைத் துடையுங்கள்.

*புதுக் கைப்பிடி மாட்டினேன். ஜன்னலை மூடினால் கிரில்லில் இடிக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)*

கதவை மூடிய நிலையில் கதவுக்கும் கிரில்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிடக் குறைவாகத் துருத்தும் கைப்பிடியை வாங்க வேண்டும். கிரில் கம்பிக்கு நேராக வராமல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வரும்படி ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தி மாட்டினாலும் தீரும். பழைய ஓட்டைகளைக் குச்சி வைத்து அடைத்துவிடுங்கள்.

*வாடகை வீடு. கைப்பிடியை நாங்கள் மாற்றலாமா? (வாசகர், திருச்சி)*

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். பழைய ஓட்டையிலேயே பொருந்துவதாக வாங்குங்கள். பழையதை எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

*ஏழாவது மாடி. இரண்டரை வயதுப் பையன் ஜன்னல் கைப்பிடியைத் திருப்பக் கற்றுக்கொண்டான். கொசுவலை இருக்கிறது, பயம் வேண்டாம் என்கிறார் கணவர். (வாசகி, பெரும்பாக்கம்)*

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும், சாய்கிற குழந்தையின் எடையைத் தாங்காது. கிரில் வைக்க முடிந்தால் இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காவிட்டால், சாவி போட்டுப் பூட்டும் கைப்பிடி கிடைக்கிறது. உங்களுடையது மேலே சொன்ன 43க்கு 7 அளவாக இருந்தால் பழையதைக் கழற்றி அதே இடத்தில் மாட்டிவிடலாம், கால் மணி நேர வேலை. கூடவே, கதவு 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடுக்கும் பட்டை ஒன்றையும் போடுங்கள். காற்றும் வரும், பிள்ளையின் தலையும் நுழையாது.

சாவியைக் கைப்பிடியிலேயே விட்டு வைக்காதீர்கள். அதே அறையில், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு ஆணியில் மாட்டுங்கள், தீ விபத்து என்றால் இருட்டிலும் கை அங்கே போக வேண்டும். ஜன்னலுக்குக் கீழே கட்டில், நாற்காலி, பொம்மைப் பெட்டி எதுவும் இருந்தால் இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் நகர்த்திவிடுங்கள்.