கட்டணம் கட்டியும் மாணவர் ஏன் நின்றுவிடுகிறார்?

கேள்வி: எங்கள் கணினி அறிவியல் துறைக்கு நன்கொடையாளர் ஒருவர் நிதி தருகிறார். வசதி குறைந்த மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் அதிலிருந்து கட்டுகிறோம். அப்படியும் முதலாண்டு முடிவதற்குள் சிலர் நின்றுவிடுகிறார்கள். நிதியை வேறு எப்படிச் செலவிடலாம்?

பதில்: கட்டணம் போக மிச்சமிருக்கும் சின்னச் செலவுகளும், அவற்றுக்காகப் பகுதிநேர வேலையில் கரையும் நேரமும்தான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கின்றன. கட்டணத்துக்கு வேறு உதவி கிடைக்குமானால் அதை அங்கே தள்ளிவிட்டு, உங்கள் நிதியை இவற்றுக்குத் திருப்புங்கள்.

முதலில், பணம் வரும் நாள். செமஸ்டர் தொடங்கி இரண்டு மாதம் கழித்து வரும் உதவித்தொகை கடனை அடைக்கத்தான் உதவும்; தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கையில் சேர வேண்டும். ‘ரசீது கொடுங்கள், திருப்பித் தருகிறோம்’ என்ற முறையையும் விட்டுவிடுங்கள். முதலில் வாங்கக் காசு இருந்தால் அவர் உங்களிடம் ஏன் வருகிறார்?

நிதியில் பத்தில் ஒரு பங்கை அவசரத் தேவைக்கு ஒதுக்கி, குழுக் கூட்டம் எதுவும் இல்லாமல் ஒரே ஆசிரியர் கையெழுத்தில் இரண்டு நாளில் கொடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 முதல், சிறு பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருக்கும் மாணவர்களைத் தானே தேடிப் பிடித்து உதவுகிறது. கேட்கக் கூச்சப்படுபவருக்கு விண்ணப்பப் படிவமே ஒரு தடைதான். மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதும் அப்படித்தான்.

அடுத்து மடிக்கணினி. 8 ஜிபி ரேமில் மெய்நிகர் இயந்திரமும் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் மென்பொருள்) பிரவுசரும் கோட் எடிட்டரும் ஒன்றாக ஓடினால் திணறும். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் இருக்கட்டும். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளே போதும், பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். பத்துக்கு ஒன்று உபரியாக அலமாரியில் இருக்க வேண்டும். ஒப்படைப்புக்கு முந்தைய இரவு கணினி பழுதானால், வசதியுள்ளவர் இன்னொன்றை வாங்கிவிடுவார். மற்றவர் மதிப்பெண்ணை இழப்பார். அன்றன்றைய வேலையை கிட் (Git) என்ற, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள் வழியாக இணையத்தில் ஏற்றிவிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

பாடத்தில் விழும் இடங்கள் இரண்டு: முதல் கணிதத் தாளும் முதல் நிரலாக்கத் தாளும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்தில் கால்குலஸில் தோற்ற மாணவர்களைக் கவனித்த கணித ஆசிரியர் யூரி ட்ரைஸ்மன், அவர்கள் தனித்தனியே படிப்பதைக் கண்டார். அவர் தொடங்கிய பட்டறைகளில் மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைப் போட்டார்கள். நீங்களும் ஐந்தாறு பேர் குழுவாக, வாரம் இருமுறை, இரண்டு மணி நேரம் நடத்துங்கள். ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று பெயர் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். நடத்தும் மூத்த மாணவருக்குச் சம்பளம் கொடுங்கள். உதவித்தொகை பெறுபவரே அந்த வேலையைச் செய்தால் வெளியே இரவுப் பணிக்குப் போவது குறையும்.

ஒரு செமஸ்டரில் அரியர் விழுந்ததும் உதவியை நிறுத்தும் விதி உங்களிடம் இருந்தால் மாற்றுங்கள். நிறுத்தினால் அவர் வேலை நேரத்தைக் கூட்டுவார், அடுத்த அரியரும் வரும். ஒரு செமஸ்டர் அவகாசம் தந்து, மாதம் இருமுறை ஆலோசகரைச் சந்திப்பதை நிபந்தனையாக்குங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏசாப் திட்டம் கட்டணம், பயணச் செலவு, நெருக்கமான ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடந்த ஆய்வில், மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22.

இன்டர்ன்ஷிப்புக்கும் கொஞ்சம் வைத்திருங்கள். சம்பளமுள்ள இடம் கிடைத்தும், வேறு ஊரில் அறைக்கு முன்பணமும் முதல் மாதச் செலவும் இல்லாமல் மறுப்பவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, சம்பளம் வந்த பிறகு தவணையில் வாங்கிக்கொள்ளலாம்.