இரவு எட்டு மணிக்கு நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தால் நித்திரை வந்து, நாலாம் நாளே நின்றுபோகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

இரவு எட்டு மணிக்கு எழுதுவதை விடுங்கள். காலையில் முதல் தேத்தண்ணியோடு மூன்றே வரி: நித்திரை எப்படி, மனம் எப்படி, இன்று எது பயம்.

கிளிநொச்சியில் வயல் செய்கிறேன் என்கிறீர்கள். வயலால் வந்து சாப்பிட்டால் கண் சொருகத்தான் செய்யும், அது சோம்பல் இல்லை. சிறுபோகத்தில் தண்ணீர் கட்டும் நேரமும் மாறும். தேத்தண்ணி மாறாது.

கொப்பியைத் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. இரண்டு கிழமையில் பழகாவிட்டாலும் சோராதீர்கள்: லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பழக்கம் தானாக வரச் சராசரி 66 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

ஒன்று மட்டும். எழுத எழுத இடப்பெயர்வுக் கால நினைவுகள் கிளம்பி நித்திரை குழம்பினால், நிறுத்திவிட்டு 1926க்கு எடுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம். எனக்கும் அப்படி வந்தது. தனியே தாங்கப் பார்த்ததுதான் நான் விட்ட பிழை.