வாசகர் கேள்விகள்: நெடுஞ்சாலையில் காணாமல் போன பெண்களும் ஜெய்சங்கர் வழக்கும்

சேலம் மத்தியச் சிறை பற்றிப் போன இதழில் எழுதியபோது, பல பெண்களைக் கொன்ற எடப்பாடிப் பக்கத்து லாரி டிரைவர் ஜெய்சங்கரைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒன்றுபோல வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பலர் குடும்ப விஷயம் எழுதியிருப்பதால் யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

2009ல நான் பனியன் கம்பெனில ஓவர்லாக் அடிச்சுட்டு இருந்தனுங்க. சாயங்காலம் ஆறு மணியானா பைபாஸ்ல இறங்கவே பயமா இருக்கும். அவனை எப்படிப் புடிச்சாங்க, அப்புறம் எப்படித் தப்பிச்சான், கடைசில என்ன ஆச்சு?
*– வாசகி, பெருமாநல்லூர்*

அந்தப் பயம் எனக்கும் ஞாபகம் இருக்கிறதம்மா. ஈரோடு போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர், தனியாக இறங்கிய பெண்ணிடம் "யாராச்சும் கூட்டிட்டுப் போக வர்றாங்களா?" என்று கேட்டு, ஒருவர் டிவிஎஸ் 50யில் வந்து சேரும்வரை விசில் கொடுக்காமல் நின்றார். பஸ்ஸில் ஒருத்தர்கூட நேரமாகிறது என்று முனகவில்லை.

ஜெய்சங்கருக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்துத் தாபாக்கள் பக்கம் பிழைத்துக்கொண்டிருந்த பெண்கள், தோட்டங்காட்டில் தனியாக வேலை செய்தவர்கள், இவர்கள்தான் அவனிடம் சிக்கியவர்கள். 2009 ஆகஸ்டில் உங்கள் ஊர்ப்பக்கம் பந்தோபஸ்துக்கு வந்திருந்த பெண் காவலர் ஒருவர் காணாமல் போனார். அவர் உடல் அடுத்த மாதம்தான் கிடைத்தது. தனிப்படை போட்டு அவனைப் பிடித்தது அக்டோபரில். காவலருக்காக இலாகாவே தேடியது சரிதான், தேடத்தான் வேண்டும். ஆனால் தாபா ஓரத்துப் பெண்ணுக்காக ஸ்டேஷன் படியேற யார் இருந்தார்கள்? இத்தனை வருஷமாக எனக்குள் கிடந்து உறுத்துவது இதுதான்.

கோவைச் சிறையில் இருந்தவனை 2011 மார்ச்சில் தர்மபுரி நீதிமன்றத்துக்கு இரண்டு ஆயுதப்படைக் காவலர்கள் கூட்டிப்போனார்கள், திரும்பும் வழியில் சேலம் பஸ் ஸ்டாண்டில் தப்பிவிட்டான். அத்தனை வழக்கு இருந்த ஒருவனை ஜனம் நெரியும் பஸ் ஸ்டாண்ட் வழியாக இரண்டே பேர் கூட்டிப்போக வேண்டிய நிலைமையை என்னவென்று சொல்வது! அந்த இருவரில் ஒருவர் ஓரிரு நாளிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்துப்போனார். இந்த வழக்கில் போன உயிர்களை எண்ணுகிறவர்கள் அவரை எண்ணுவதில்லை, நான் எண்ணுகிறேன்.

அப்புறம் அவன் கர்நாடகாவுக்குப் போய் அங்கேயும் கொலைகள் செய்தான். 2011 மே மாதம் பிஜாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் காட்டில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அவர் தனியாக இருப்பதைப் பார்த்து மேலே பாய, அந்த அம்மா போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் ஓடிவந்து, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து அவனைப் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தார். மூன்று மாநிலத்து வழக்குகள் உள்ளவன் கடைசியில் மாட்டியது அந்த ஒரு கூச்சலில்தான்.

சித்ரதுர்கா நீதிமன்றம் 27 வருஷம் தண்டனை கொடுத்தது. பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் இருந்தவன், 2013 செப்டம்பர் 1ஆம் தேதி விடிவதற்கு முன்னால் கள்ளச்சாவி போட்டுக் கதவைத் திறந்து, 30 அடி மதிலைத் தாண்டிக் குதித்து மறுபடியும் தப்பினான். காலில் அடிபட்டு தூரம் போக முடியவில்லை. ஐந்தாறு நாளில் பெங்களூரிலேயே பிடித்தார்கள். சிறை அதிகாரிகள் பலர் சஸ்பெண்ட் ஆனார்கள். 2018 பிப்ரவரியில் அதே சிறைக்குள் தற்கொலை செய்துகொண்டான்.

நான் முப்பது வருஷமா லாரி ஓட்டறனுங்க. அவனால எங்க எல்லாரையும் ஒரு மாதிரி பாக்கறாங்க.
*– வாசகர், சங்ககிரி*

உங்கள் வருத்தம் நியாயம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் ஆள் இல்லாத வீடு குறைவு, அவன் செய்ததற்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டோரம் என்ன நடக்கிறது என்று பார்க்கிற கண் உங்களுடையதுதான். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் 112க்கு ஒரு போன் போடுங்கள்.

இவனுகளையெல்லாம் கோர்ட்டு கேசுன்னு இழுக்காம அங்கியே சுட்டுப் போட்டா என்னங்க?
*– வாசகர், கோபிசெட்டிபாளையம்*

கோபம் எனக்கும் வருகிறது. ஆனாலும் நொய்டா பக்கத்து நிதாரி வழக்கைப் பாருங்கள். 2006 கடைசியில் ஒரு பங்களாவின் பின்னால் சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. வீட்டு வேலைக்காரரைப் பிடித்தார்கள், அவர் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்கள், தூக்குத் தண்டனைகள் விழுந்தன. 2014ல் தூக்கு மேடை வரைக்கும் போய் நின்றது. 2023ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரைப் பல வழக்குகளில் விடுவித்தது. மிச்சமிருந்த ஒரு வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது. 60 நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு வாங்கின வாக்குமூலம், ஒழுங்காகச் சேகரிக்காத தடயங்கள், இவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டும் நிற்க முடியாது. அவரை 2006லேயே சுட்டிருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்போம், கொன்றது யார் என்ற கேள்வியும் அன்றைக்கே புதைந்திருக்கும். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது என்று நம் சட்டத்தில் இருப்பது இதற்காகத்தான். வழக்கை ஒழுங்காக நடத்தினால் தீர்ப்பு நிற்கும். ஆட்டோ சங்கர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது, 1995 ஏப்ரல் 27ல் சேலம் மத்தியச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கே வேண்டாம் என்கிறவன் நான், அதை இன்னொரு நாள் பேசலாம்.

அக்கா மகளைக் காணோம்னு ஸ்டேஷனுக்குப் போனா, "வயசுப் புள்ளைதானே, நாலு நாள் பாருங்க, வந்துரும்"ங்கறாங்க. என்னங்க பண்றது?
*– வாசகி, காங்கயம்*

நாலு நாள் பொறுக்காதீர்கள், நாலு மணி நேரம்கூட வேண்டாம். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவோம் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. எழுதிக் கொடுங்கள், புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எப்.ஐ.ஆர். நகலோ வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பெண்ணின் செல் நம்பர், அவள் கடைசியாகப் பேசியவர்கள், போட்டிருந்த துணி, எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

செல் நம்பரை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மங்களூர்ப் பக்கம் மோகன் குமார் என்ற பள்ளி ஆசிரியர், 2003க்கும் 2009க்கும் இடையில் 20 பெண்களைக் கொன்றதாக வழக்கு. வரதட்சணை வேண்டாம், கட்டிக்கொள்கிறேன் என்று கூட்டிப்போய், லாட்ஜில் தங்கவைத்து, மறுநாள் நகையைக் கழற்றி வைக்கச் சொல்லி, கர்ப்பத் தடை மாத்திரை என்று சயனைடைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்கள் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் தாழ் போட்ட கதவுக்குள் செத்துக் கிடந்தார்கள். ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனும் தனித்தனியாகத் தற்கொலை, அடையாளம் தெரியாத பெண் என்று எழுதி மூடிக்கொண்டே வந்தது. 2009ல் பண்ட்வால் பக்கம் ஒரு பெண்ணின் ஊரார் விடாமல் போராடிய பிறகுதான் செல் அழைப்புப் பட்டியலை எடுத்தார்கள். ஒரு நம்பர் காணாமல் போன இன்னொரு பெண்ணைக் காட்ட, அது அடுத்தவளைக் காட்ட, அந்த இழை அவரிடம் கொண்டுபோய் விட்டது.

ஒரு ஸ்டேஷன் வராந்தாவில் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். மகள் படத்தைக் கல்யாண ஆல்பத்திலிருந்து கத்தரித்துக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் நின்றவரின் பட்டுப்புடவைத் தோள் ஒரு விரல் அகலத்துக்கு அதில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அதைக் கையிலேயே வைத்திருந்ததில் ஓரமெல்லாம் வேர்வையில் சுருண்டுபோயிருந்தது. யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. நீங்கள் படத்தில் நாலு காப்பி எடுத்துக்கொண்டு, தெரிந்த வக்கீல் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குற்றவாளி செத்துட்டா, தீர்ப்பு வராத கேசெல்லாம் என்ன ஆகும்?
*– வாசகர், எடப்பாடி*

அவர்மீது நிலுவையில் உள்ள வழக்குகள் அதோடு முடிந்துவிடும். என் மகளைக் கொன்றது இவன்தான் என்று ஒரு கோர்ட் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு அந்த வீட்டுக்காரர்களுக்குப் போய்விடும். ஆனால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டைத் தீர்ப்பு வராவிட்டாலும் கேட்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அங்கே வக்கீல் பீஸ் கிடையாது.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளைல தனியா இருக்காங்க. நான் பெங்களூர்ல. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.
*– வாசகர், சிவகிரி*

பல்லடம் பக்கம் 2024 நவம்பரில் ஒரே வீட்டில் மூன்று பேர், உங்கள் ஊர்ப்பக்கம் 2025ல் வயதான தம்பதி கொலையானார்கள். இந்த இரண்டுக்குப் பிறகு தூங்க முடியாதவர் நீங்கள் மட்டும் இல்லை. சிலரைக் கைது செய்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கோர்ட் சொல்லட்டும்.

சிவகிரியில் நடந்தது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதனால் தினமும் காலையும் ராத்திரியும் ஒரே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் உடனே போய்ப் பார்க்கச் சொல்ல, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். வாசலிலும் கிணற்றுப் பக்கமும் விளக்கு, கேமரா போடுங்கள். நாயைக் கட்டியே வைக்க வேண்டாம். நகையை லாக்கரில் வைக்கச் சொன்னால் அம்மா கேட்க மாட்டார், தெரியும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய் வந்துவிடுங்கள்.