போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணியா?

கேள்வி: சென்னையில் காலை 10.00-க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் மாலை 4.45-க்கு இறங்கும் என்கிறது டிக்கெட். திரும்பும்போது மாலை 6.00-க்கு ஏறினால் 7.45-க்கே சென்னை! எது சரி? – வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் சரிதான். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. போகும்போது 6.45-இல் 2.30-ஐக் கழியுங்கள், வரும்போது 1.45-உடன் 2.30-ஐக் கூட்டுங்கள். இரண்டுக்கும் 4 மணி 15 நிமிடம்தான். விமான நிலையத்துக்கு அழைக்க வருபவரிடம் இறங்கும் ஊரின் நேரத்தையே சொல்லுங்கள், இங்கே கூட்டல் கழித்தல் வேண்டாம்.

கேள்வி: தூரம் சுமார் 2,920 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகம் என்றால் மூன்றரை மணிகூட ஆகாதே? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த 850 நடுவானத்து வேகம். டிக்கெட் நேரமோ, நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போய், வரிசையில் நின்று மேலெழவே 15, 20 நிமிடம் போய்விடும். 10,000 அடிக்குக் கீழே பெரும்பாலும் 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் போக விடமாட்டார்கள். 35,000 அடியிலிருந்து இறங்க, ஏறக்குறைய 200 கி.மீ.க்கு முன்பே வேகம் குறையத் தொடங்கும். வழியும் நூல் பிடித்தாற்போல் இருக்காது. நேர்க்கோடு வங்கக்கடலைக் கடந்து கிரேட் நிக்கோபார் பக்கமாகப் போகிறது. விமானமோ வகுத்த வான்பாதையில் வளைந்து போகும். நெரிசலுக்கென்று சில நிமிடங்களையும் கம்பெனிகள் சேர்த்தே போடும். சீக்கிரம் இறங்கிவிட்டோம் என்று அறிவிப்பு வருவது இதனால்தான்.

காற்றையும் விடக்கூடாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாகக் காற்று வீசும். இந்தக் கீழைக்காற்றோட்டத்தை 1950-களில் விரிவாக ஆராய்ந்தவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். மணிக்கு 50 கி.மீ. காற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 15 நிமிடம், எதிர்த்தால் 3 மணி 39 நிமிடம். ஜூலை, ஆகஸ்டில் சென்னைக்குத் திரும்பும் பயணத்துக்கு இது சாதகம்.

கேள்வி: தூரத்தை நாமே கணக்கிட முடியுமா? – வாசகர், சிவகாசி

பதில்: இந்த இரண்டு ஊருக்கும் முடியும். அட்சரேகை வித்தியாசம் 11.6 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ., அதனால் அதை 111-ஆல் பெருக்கினால் 1,288. தீர்க்கரேகை வித்தியாசம் 23.8, அதை 111-ஆலும், பூமத்திய ரேகையை விட்டு விலகும்போது தீர்க்கரேகைகள் சற்று நெருங்குவதால் 0.99-ஆலும் பெருக்கினால் 2,615. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 2,915 கி.மீ. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால்தான் இது ஒத்துவருகிறது. லண்டனுக்குப் போட்டால் கணக்கு தவறிவிடும், அதற்குக் கோள வடிவக் கணக்குதான் வேண்டும். இன்னொன்று, சென்னையின் அட்சரேகையான 12 பாகை 59 கலையை (60 கலை ஒரு பாகை) 12.59 என்று தட்டிவிடாதீர்கள். 59-ஐ 60-ஆல் வகுத்து 12.98 என்று போட வேண்டும். இல்லையேல் சென்னை 43 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும்.