ரோமச் சட்டம் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அண்ணே, பன்னிரண்டு பலகை சட்டம்னா நெஜமாவே பலகைல எழுதினதா?

ப: ஆமாப்பா, கிமு 450 வாக்குல எழுதி ஊர் நடுவுல ஃபோரம்ங்குற பொதுச் சதுக்கத்துல வச்சாங்க. அதுக்கு முன்னாடி சட்டம் என்னன்னு மேட்டுக்குடி பூசாரிங்களுக்குத்தான் தெரியும், சாமானிய ஜனங்க மல்லுக்கட்டித்தான் எழுத வச்சாங்க. ரொம்ப கறார். கடன் கேஸ்ல தோத்தவனுக்கு 30 நாள் டைம், அப்பவும் கட்டலன்னா குடுத்தவன் இழுத்துட்டுப் போய் 60 நாள் சங்கிலில போட்டு வைக்கலாம். அந்தப் பலகை எதுவும் இப்ப இல்ல, பின்னாடி வந்தவங்க எடுத்து எழுதின துண்டு துணுக்குதான் மிச்சம்.

கே: சார், ஜஸ்டினியன் புதுசா என்ன பண்ணாரு?

ப: அவரு கிழக்கு ரோமப் பேரரசர், முக்கியமா தொகுத்தாரு. கிபி 530ல ட்ரிபோனியன்ங்குற சட்ட அதிகாரி தலைமையில குழு போட்டு, பழைய சட்ட நிபுணர்கள் எழுதினத எல்லாம் வெட்டி ஒட்டி 533ல டைஜஸ்ட்னு 50 புத்தகமா வெளியிட்டாங்க, மூணே வருஷம்! அதுல ஒரு சவரக்கடை கேஸ் வரும் பாருங்க, எனக்கு ரொம்ப புடிச்சது. சிலபேர் பந்து விளையாடுறாங்க, ஒருத்தன் ஓங்கி அடிச்ச பந்து சவரம் பண்றவர் கைல பட்டு, கத்தி வழுக்கி உக்காந்திருந்த அடிமையோட கழுத்து அறுந்துடுது. (அடிமை அப்போ சொத்துக் கணக்கு, அதனால நஷ்ட ஈடு ஓனருக்கு.) யார் தப்பு? சவரக்காரர்தான்னு ப்ரோகுலஸ்ங்குற சட்ட நிபுணர் சொல்றாரு. இன்னொரு நிபுணர் உல்பியன், பந்து ஆடுற எடத்துலயோ ஆள் நடமாட்டத்துலயோ நாற்காலி போட்டா அவர் மேல தப்பு இருக்கு, ஆனா ஆபத்தான எடம்னு பாத்தும் போய் உக்காந்தவன் தன்னைத்தானே நொந்துக்கணும்னு சொல்றதும் சரிதாங்குறாரு. இன்னைக்கு ஆக்சிடென்ட் கேஸ்ல வக்கீலுங்க பேசுறதும் இதான்.

கே: ரோம் போனப்புறம் எப்படி தப்பிச்சுது?

ப: 11ம் நூற்றாண்டு கடைசில இத்தாலில போலோனாவுல இர்னேரியஸ்ங்குறவர் டைஜஸ்ட்ட பாடமா நடத்த ஆரம்பிச்சாரு, பல நாட்டு பசங்க வந்து படிச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க. 1804 நெப்போலியன் சட்டம், 1900 ஜெர்மன் சட்டம் ரெண்டுலயும் அந்த வாசம் அடிக்கும்.

கே: நான் யாழ்ப்பாணம். எங்கட நாட்டில ரோமன் டச்சுச் சட்டம் எண்டு சொல்லுவினம், அதுவும் இதுவோ?

ப: அதேதாங்க! ரோமச் சட்டமும் ஹாலந்து வழக்கமும் கலந்தது, டச்சுக்காரங்க கொண்டுவந்தது, பிரிட்டிஷ்காரங்களும் 1799ல அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. உங்க தேசவழமை வேற, அது ஊர் வழக்கத்த 1707ல டச்சுக்காரங்க எழுதி வாங்கினது. வேடிக்கை என்னன்னா ஹாலந்துலயே 1809ல இத தூக்கிட்டு நெப்போலியன் பாணிக்கு மாறிட்டாங்க, உங்க கோர்ட்லயும் தென்னாப்பிரிக்காவுலயும் இன்னும் ஓடுது.